இரண்டு பேர் தூக்கக்கூடிய மரம்

அக்கா,

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து உங்களிடம் சொன்னால், என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கோபிப்பீர்கள். போன மாதம் என் மனிசனுடைய கரை வேட்டியை உங்கள் மரத்துக்குக் கட்டிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. சித்திரை முடிகிற நேரம். மரம் அப்போதுதான் தளிர் விட்டு, பிறந்த பிள்ளையின் கை மாதிரி எல்லாவற்றையும் சுருட்டியும் விரித்தும் வைத்திருந்தது. விடிய உறைபனி விழும் என்று டிவியில் சொன்னார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, நடு மார்கழிக் குளிருக்கு இந்த மரம் அசையாது. ஆனால் தளிர் விட்ட பிறகு ஒரு உறைபனி பட்டால் போதும், எல்லாம் கறுத்துச் சுருண்டுவிடும். மூடுவதற்குத் துணி தேடி ஓடினேன். கோயிலுக்கென்று மடித்து வைத்திருந்த வேட்டி கையில் அகப்பட்டது. சுற்றிக் கட்டினேன். நல்லாகத்தான் இருந்தது.

காலையில் இவர் குளித்துவிட்டுத் துவாயோடு நின்று அலுமாரியைக் கிளறுகிறார்.

"என்ர வேட்டி எங்கை?"

"பல்கனியிலை."

"காயப்போட்டனியோ?"

"இல்லை. மரம் கட்டியிருக்கு."

பார்க்க வந்தார். எதிர்க் கட்டடத்துச் சுவிஸ் கிழவர் தன் பல்கனியில் கோப்பியோடு நின்று, வேட்டி கட்டிய மரத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் குறைவு. மரத்தை இவர் என்று நினைத்துவிட்டார். இவருக்கு இவ்வளவு மரியாதையாக அவர் முன்பு ஒருநாளும் கை காட்டியதில்லை. அன்றைக்கு இவர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

இன்று அந்த வேட்டியை அயர்ன் பண்ண எடுத்தேன். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இத்தனை காலம் நின்றவள் நான், என் கையில் தப்பிய கறை கிடையாது. ஆனால் கரையோரத்தில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் போகவே இல்லை. அயர்ன் பெட்டியின் சூடு அதில் பட்டதும் மணம் ஒன்று எழும்பியது. ஈரப் பட்டையும் பச்சை இலையும் கலந்த மணம். மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறபோது உங்கள் கையில் இருக்கிற மணம். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிற கடிதம் இது. பிழை தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசியுங்கள்.

மரம் வந்த வருடத்தை நினைத்தால் எனக்கு மரத்துக்கு முதல் உங்கள் குரல்தான் நினைவுக்கு வருகிறது. குரல் என்றால், அது இல்லாமல் போனது. இரண்டாயிரத்து ஒன்பது. ஓல்டனில் விடிய ரயில் ஏறி ஜெனீவாவுக்குப் போய், ஐ.நா. கட்டடத்துக்கு முன்னால் மூன்று காலில் நிற்கிற அந்தப் பெரிய மரக் கதிரைக்குக் கீழே மழையில் நின்று கத்தினோம். உங்கள் தம்பியின் படத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தீர்கள். மழைத் தண்ணீர் பைக்குள் போகாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே நின்றீர்கள். வைகாசியோடு ஊரில் போர் முடிந்தது, எல்லாம் முடிந்தது. தம்பியைப் பற்றிச் சேதி இல்லை. இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீங்கள் அழவில்லை. கத்தியதில் அடைத்த தொண்டை திறந்த பிறகும் கதைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நீங்கள் சமையலறை, நான் நிலவறையில் சலவை. வீட்டிலும் நீங்கள் மூன்றாம் மாடி, நான் உங்களுக்கு நேர் கீழே இரண்டாம் மாடி. எங்கே போனாலும் நான் உங்களுக்குக் கீழேதான் என்று நான் சொல்கிற பகிடிக்கு எப்போதும் சிரிப்பீர்கள். அந்த வருடம் "ம்" என்றீர்கள். என்ன சொன்னாலும் "ம்". சொல்லுகிற பகிடி எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகப் போக, நான் உங்கள் மகளிடம் போய் உங்களைப் பற்றி முறைப்பாடு வைத்தேன். அவள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "அன்ரி, என்னோடையும் அப்பிடித்தான்" என்றாள்.

பிறகு கார்த்திகையில் ஒருநாள், ஆற்றுப் பக்கத்திலிருந்து புகார் மூடி எதிரே வருகிற ஆள் தெரியாத நேரம், நீங்கள் ஒரு தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வந்தீர்கள். தொட்டிக்குள் ஒரு தடி, அதில் மூன்று நான்கு சுள்ளி. ஒரு இலை இல்லை.

"என்னக்கா, விறகு வாங்கினனீங்களோ?"

"மரம்."

"இலை எங்கை?"

"வரும்."

"ஆர் சொன்னது?"

"அட்டையிலை படம் கிடக்கு."

கிடந்ததுதான். கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் செக்கச் சிவந்த இலை ஒன்றின் படம், மேப்பிள் என்ற பெயர், எவ்வளவு குளிர் தாங்கும் என்ற இலக்கம். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டுக்கூட அந்தக் குளிருக்குப் போகாது. நான் இன்னும் ஒரு பகிடிக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "மற்ற எல்லாத்தையும் உள்ளை எடுத்துப்போட்டு இதை மட்டும் கடை வாசலிலை விட்டிட்டாங்களடி. தனிய நிண்டது."

வைகாசிக்குப் பிறகு நீங்கள் பேசிய ஆக நீளமான பேச்சு அது. நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைக்காரன் வெளியில் வைக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறான். நீங்களும் வைத்தீர்கள். முதல் பனி கொட்டுகிற வரைக்கும். பனி கொட்டிய அன்று நான் மேலே வந்தால் மரம் உங்கள் முன்னறையில், ஹீற்றருக்குப் பக்கத்தில், மகளின் பழைய கம்பளியைப் போர்த்துக்கொண்டு நிற்கிறது. 

"அக்கா, இது குளிர் தாங்கிற மரமெல்லோ?"

"தாங்கும் எண்டதுக்காக நிப்பாட்டி வைக்கிறதோ? நானும் தாங்கிறன்தான். என்னைக் கொண்டுபோய் வெளியிலை நிப்பாட்டுவியோ?"

குளிரைக் கண்டால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவைத்துப் போர்த்துவிடுகிற சாதி நாங்கள். கறிவேப்பிலைக் கன்றுக்குச் செய்தோம், மல்லிகைக்குச் செய்தோம், இரண்டும் பிழைத்தன. மேப்பிளுக்கும் அதே மரியாதை. ஒவ்வொரு நாளும் இளஞ்சூட்டில் தண்ணீர் வேறு.

தையிலே தளிர் விட்டது. நீங்கள் தும்புக்கட்டையை நிலத்தில் போட்டு இடிக்கிறீர்கள் என்று நினைத்து நான் மேலே பார்த்தேன். நீங்கள் உங்கள் நிலத்தைக் காலால் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஓடி வந்தேன். வெளியே வெள்ளைக்காடு, உள்ளே ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டி இலை. நீங்கள் கேசரி கிண்டினீர்கள். கட்டடம் முழுக்கக் கொடுத்தீர்கள், முதலாம் மாடி அல்பேனிய வீட்டுக்கும். என்ன விசேசம் என்று அவர்கள் கேட்க, உங்கள் மகள் டொச் பாஷையில் "அம்மாட மரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்கத்தில் ஓடிவந்தாள்.

மாசியில் அந்த இலைகள் ஓரம் காய்ந்து ஒவ்வொன்றாகக் கம்பளியில் விழத் தொடங்கின. நீங்கள் இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டினீர்கள். இன்னும் விழுந்தன. கடைசியில் தொட்டியை வண்டிலில் வைத்து இரண்டு பேரும் முதியோர் இல்லத்துத் தோட்டக்காரனிடம் கொண்டுபோனோம். வாயைத் திறந்தால் பல் கொட்டிவிடும் என்பது போல அளந்து பேசுகிற மனிதன் அவன். சுற்றிப் பார்த்தான். விரலை மண்ணுக்குள் விட்டான். என்ன செய்தீர்கள் என்று கேட்டான். நான் சொல்ல, அவன் சொன்னதை உங்களுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"நித்திரை கொள்ள விடேல்லையாம் அக்கா. குளிர் பட்டால்தான் இதுக்கு நித்திரை வருமாம். நித்திரை கொண்டால்தான் பங்குனி சித்திரைக்கு எழும்புமாம். நீங்கள் பனிக்காலம் முழுக்க ஹீற்றரைப் போட்டு முழிப்புக் காட்டியிருக்கிறியள்."

அதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்தபடி, "நானும்தானேடி நித்திரை கொள்ளேல்லை" என்றீர்கள். பிறகு அழத் தொடங்கினீர்கள். தோட்டக் கொட்டிலில் மண்வெட்டிகளுக்கு நடுவில் நின்று, வைகாசியிலிருந்து வைத்திருந்த அவ்வளவையும். தம்பியின் பெயரை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னீர்கள். தோட்டக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன், ஒரு மரத்துக்காக இப்படி அழுகிற ஆட்களை முதல் முதலில் பார்க்கிறான். பாவம், அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பேசியதும் அன்றைக்குத்தான். நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சையைக் காட்டினான். "உயிர் இருக்கிறது, உயிர் இருக்கிறது" என்று டொச்சில் திரும்பத் திரும்பச் சொன்னான். உடனே வெளியே வைக்க வேண்டாம், முதலில் சைக்கிள் விடுகிற நிலவறைக்குள் வையுங்கள், அங்கே கிடந்து தூங்கட்டும் என்றான்.

அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போய் அடுத்த நாள் வேலை நேரம் தப்புகிற வரைக்கும் தூங்கினீர்கள் என்று மகள் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி நாங்கள் படித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் நான் இன்றைக்கு டொக்டர். காலை வெயில் நல்லது, பின்னேர வெயில் இலையின் ஓரத்தைக் கருக்கும். தண்ணீர் வேண்டும், ஆனால் கால் நனைந்தபடி நிற்கக்கூடாது. ஓல்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதனால் மழைத் தண்ணீர்தான். நீங்கள் பல்கனிக் கம்பியில் வாளிகளைக் கட்டித் தொங்கவிட, கட்டடம் பார்க்கிற மனிதர் வந்து கழற்றச் சொல்ல, அவர் போனதும் நீங்கள் திரும்பக் கட்ட, வாளி நிறைந்து வழிந்து நான் காயப்போட்ட உடுப்பெல்லாம் நனைய, நான் கீழே நின்று கத்துவேன்.

"அக்கா, உங்கட மரத்துக்குத் தாகம் எண்டு என்ர மனிசன்ர சேட்டுக்கும் பருக்குறியளோ?"

"ஊத்தைச் சேட்டு. மழைத் தண்ணி நல்லம்."

பனிக்காலத்தில் தலைக்குப் போர்வை தேவையில்லை, வேருக்குத்தான் தேவை என்று தெரிந்த பிறகு, தொட்டியைச் சுற்றிப் பாஸ்மதி அரிசிச் சாக்கைக் கட்டினீர்கள். கொங்கிறீற் குளிர் ஏறாமல் அடியில் பலகைத் துண்டு. மேலே மொட்டைத் தடி, இடுப்பில் அரிசிச் சாக்கு. அரிசி ஆலைக்கு விளம்பரம் செய்கிற மரம் என்று நான் சொல்வேன்.

ஐப்பசியில் அது சிவக்கும். எங்கள் கட்டடத்துக்கே அந்த ஒரு நிறம்தான். புகாருக்குள் உங்கள் பல்கனி மட்டும் அடுப்பு மூட்டியதுபோல் நிற்கும். பிறகு உதிரும். உதிர்ந்து எங்கே வரும்? கீழ் வீட்டுக்கு. என் பல்கனியில், என் செருப்புக்குள், காயவைத்த மிளகாய்க்குள். அவ்வளவையும் கூட்டிப் பையில் போட்டு மேலே கொண்டுவந்து உங்கள் கதவுப் பிடியில் தொங்கவிட்டு, மணியை அடித்துவிட்டுக் கீழே ஓடிவிடுவேன். நீங்கள் படியில் நின்று குனிந்து சொல்வீர்கள்:

"எடியே, கெட்டுப் போன பிள்ளையளைத் திருப்பிக் கொண்டந்து விடுறாய் என்ன?"

"உங்கட பிள்ளையள், நீங்கள் பாருங்கோ. என்ர வீட்டிலை இடமில்லை."

ஒவ்வொரு வருடமும் இதேதான். வயது ஏற ஏற நான் ஓடுவது குறைந்து, நடந்து, கடைசியில் அரைப்படியில் நின்று மூச்சு வாங்க, நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் இருந்தது. மரம் நிலத்துக்கு வரக்கூடாது. இதில் நீங்கள் பிடிவாதம். ரயில் பாதைப் பக்கம் தோட்டத்துண்டு ஒன்று கிடைத்தபோது, நானும் மகளும் எவ்வளவோ சொன்னோம்; நிலத்தில் வைத்தால் நல்லாக வரும் என்றோம். 

"நிலத்திலை வைச்சா விட்டிட்டுத்தான் போகோணும்" என்றீர்கள்.

"எங்கையக்கா போகப் போறியள்?"

"அது தெரியாது. போகவேண்டி வந்தா தூக்கிக்கொண்டு போகக்கூடியதா இருக்கோணும். ரெண்டு பேர் தூக்கினா எழும்போணும். அவ்வளவுதான் மரம்."

நான் அதைப் பகிடி பண்ணவில்லை. எத்தனை தரம் எதை எதை விட்டுவிட்டு எழும்பி ஓடினீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஓடினவள்தான்.

அதனால் பங்குனி வந்தால் எங்களுக்கு ஒரு வேலை. தளிர் விட முதல், என் குசினி நிலத்தில் பேப்பரை விரித்து, மரத்தைத் தொட்டியிலிருந்து உருவி, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரைக் கொஞ்சம் வெட்டி, புது மண் போட்டுத் திரும்ப வைப்போம். ஒவ்வொரு வேரை வெட்டும்போதும் நீங்கள் "பொறு ராசா" என்பீர்கள். முடிந்ததும், "வா, தூக்கிப் பாப்பம்." அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். எழும்பினால் சரி, அந்த வருடம் பாஸ். எழும்பியவுடன் உங்கள் முகத்தில் வருகிற ஒரு நிம்மதி இருக்கிறதே அக்கா, விசா கிடைத்த அன்றுகூட உங்களிடம் நான் அதைப் பார்க்கவில்லை.

கடைசிப் பங்குனியில் நீங்கள் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வந்தீர்கள். மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் போயிருந்தது. இலையுதிர்காலம் முந்திவிட்டது என்று நான் சொல்ல, நீங்கள் சிரித்துவிட்டு என் முதுகில் அடித்தீர்கள். அடி ஒரு துணி பட்டது மாதிரித்தான் இருந்தது. வேர் வெட்டி, மண் போட்டு, "வா, தூக்கிப் பாப்பம்" என்றீர்கள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தீர்கள். நான் என் பக்கத்தையும், கையை நீட்டி அடியில் உங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். எழும்பியது.

"நானும் தூக்கினனான்தானே?"

"நீங்கள்தான் தூக்கினனீங்கள். நான் சும்மா தொட்டுக்கொண்டு நிண்டனான்."

"பொய் சொல்லாதை."

"முதுகு பிடிச்சிட்டுது எண்டால் நீங்கள்தான் எண்ணெய் போடோணும். பாருங்கோ, பிடிக்கேல்லை. நீங்கள்தான் தூக்கினனீங்கள்."

நம்பினீர்களோ தெரியாது. நிம்மதி மட்டும் வந்தது முகத்தில்.

அந்த ஐப்பசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில். நான் வேலை முடித்து வந்து கட்டில் பக்கத்தில் இருப்பேன். மகளைப் பற்றிக் கேட்பீர்கள், பிறகு, "இலை விழுந்திட்டுதோ?"

"ஒண்டும் விழேல்லை. எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டி வைச்சிருக்கிறன்."

"சிரிக்க வையாதையடி, நோகுது."

எல்லாம் விழுந்திருந்தன அக்கா. என் பல்கனியில்தான் கிடந்தன. அந்த முறை கூட்டவில்லை. நீங்கள் திரும்பி வந்ததும் பையில் போட்டு மணி அடிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

உங்கள் காரியங்கள் முடிந்த பிறகு நானும் இவரும் மரத்தை ஒரு மாடி கீழே இறக்கினோம். உங்கள் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், போர்த்துக்கல்காரர். முதல் ஐப்பசி வந்தபோது இலையைக் கூட்டிப் பையில் போட்டேன். அது இப்போது என் பல்கனியில் என் மரத்திலிருந்தே விழுந்த இலை. அது எனக்குப் படியேறிப் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. அரைப்படியில் நின்றேன். நீங்கள் என்னைப் பிடித்த அதே படி. மேலே கதவில் புதுப் பெயர். திரும்பி இறங்கி வந்து பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். இவர் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பகிடி சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த பங்குனிகளில் நான் வேர் வெட்டவில்லை. இவரைத் தூக்கச் சொல்லலாம்தான். ஆனால் இவர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணித் தூக்குகிற மனிதர். எனக்குச் சரிவரவில்லை. விட்டுவிட்டேன். இலை ஒவ்வொரு வருடமும் சிறிதாகிக்கொண்டு வந்தது. போன கோடையில் ஒரு பக்கக் கிளை முழுக்கக் காய்ந்தது. தொட்டியின் ஓட்டைகளால் வேர் வெளியே வந்து பல்கனி நிலத்தைத் தடவிக்கொண்டு கிடந்தது. இடம் தேடுகிற மாதிரி.

இந்த மாசியில் உங்கள் மகள் வந்தாள். எம்மன்புரூக்கேயில் வீடு எடுத்திருக்கிறார்கள், பின்னால் சின்னத் துண்டு நிலம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே மரத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, இதை என்னட்டைத் தாங்கோவன். நிலத்திலை வைப்பம்."

"உங்கட பக்கம் மண் சரியில்லை."

"நீங்கள் எங்கட மண்ணைப் பாக்கவே இல்லை."

"பாக்காமலே தெரியும். பக்டரி மண்."

வீட்டுக்குப் போய் மண்ணைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். நான் இருட்டாக இருக்கிறது என்றேன். அடுத்த நாள் வெயிலில் பிடித்து அனுப்பினாள். மண்புழுவோடு. நிறைய வெயில் என்றேன். வீட்டு நிழல் பின்னேரம் விழுகிற இடத்தையும் படம் எடுத்து அனுப்பினாள். உங்கள் மகள்தான், சந்தேகமில்லை. கடைசியில் நான் போன் எடுத்து, "உங்கட அம்மா நிலத்திலை வைக்க வேண்டாம் எண்டவா" என்றேன். அது என் கடைசித் துருப்பு.

மகள் தன் துருப்பைப் போட்டாள்.

"அன்ரி, அம்மா போறதுக்கு ரெடியா வைச்சிருந்தவா. நான் எங்கை போறது? நான் இஞ்சைதானே பிறந்தனான். எனக்கு ஒரு மரம் தூக்கிற மாதிரி இருக்கத் தேவையில்லை."

அடுப்பில் கறி கிடக்கிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. பல்கனிக்குப் போய்த் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. கொடுத்தால் உங்களுடையது என்று என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. வைத்திருந்தால் அது என் கண் முன்னாலேயே சாகும். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு குளிரில் நின்றேன். காய்ந்த கிளையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பழுப்பு. அடுத்த கிளையைச் சுரண்டினேன். பச்சை. போன் எடுத்து, வைகாசிக் குளிர்ச் சாமிகள் போகட்டும், அதற்குப் பிறகு கொண்டுவாறேன் என்று சொன்னேன். இந்த ஊரில் வைகாசி நடுவில் கடைசியாக ஒருமுறை குளிரைக் கொண்டுவருகிற சாமிகள் இருக்கிறார்கள் என்று நீங்கள்தான் தோட்டக்காரனிடம் கேட்டு வந்து சொன்னீர்கள். எங்கள் சாமிகள் பரவாயில்லை, வெயிலோடு விட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னீர்கள்.

நேற்று வைத்துவிட்டோம் அக்கா. மரம் நிலத்தில் நிற்கிறது. மகளும் நானும் தொட்டியைப் படுக்கவைத்து உருவினோம். சிக்கிக் கிடந்த வேரை விரலால் பிரித்துவிட்டோம். அவள் "பொறு ராசா" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். தான் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. பிறகு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தூக்கிக் குழிக்குள் இறக்கினோம். மண்ணை மூடிக் காலால் மெல்ல மிதித்து, மழைத் தண்ணீர் ஊற்றினோம். இனி அதை ஒருவரும் தூக்க மாட்டார்கள். அதை நினைக்க எனக்குக் கையெல்லாம் வெறுமையாக இருந்தது. கையைத் தொங்கவிடவும் தெரியவில்லை, கட்டவும் தெரியவில்லை. கழுவிவிட்டு வந்து சாப்பிட்டேன்.

உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது இப்போது பாரம் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான். எதைக் கண்டாலும், இரண்டு பேர் தூக்கினால் எழும்புமா என்று கண் கணக்குப் போடுகிறது. கட்டில், அலுமாரி, சலவை அறையில் துணி மூட்டை. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் நான் நிற்கிறேன். மற்றப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

மரம் அங்கே போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், மகள் சொன்னால் கூட்டிச் சொல்வாள். 

மருமகன் காரில் வந்து ஏற்றுகிறேன் என்றார். கிளை முறியும் என்று மறுத்துவிட்டேன். கடைசியில் லுசேர்ன் வரைக்கும் போய் அதை ஏற்றி வந்தது அதே கார்தான், ஏன் என்று கேளுங்கள். உண்மையில், ஜெனீவாவுக்குப் போனதற்குப் பிறகு நானும் நீங்களும் ஒன்றாக ரயிலில் தூரம் போகவில்லை. ஒருமுறை போவோம் என்று இருந்தது. ஓல்டனில் இவர் சில்லுப் பலகையோடு மரத்தை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனார். அதற்கு முதல் டிக்கெட் மிசினில் எனக்கும் மரத்துக்கும் எடுத்தேன். மரத்துக்கு டிக்கெட் தேவையோ என்று தெரியவில்லை. கொன்ரோலர் வந்து கேட்டால் என்ன சொல்வது? மிசினில் மரம் என்று ஒரு பொத்தான் இல்லை. நாய் இருந்தது. நாயை அமத்தினேன்.

சூர்சேயில் ரயில் மாற ஒரு சுவிஸ் பெடியன் உதவி செய்தான். அதில் இருந்து எம்மன்புரூக்கே வரைக்கும் மரம் கதவோரம் கண்ணாடிப் பக்கம் நிற்க, நான் பக்கத்தில் இருந்தேன். புதுவீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று இரண்டு பை கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் இடியப்பம், மற்றதில் சம்பலும் கத்தரிக்காய்க் குழம்பும். குழம்பு ஊற்றுண்டுவிடும் என்ற பயத்தில், ரயில் நின்றதும் முதலில் பைகளோடு இறங்கி, அவற்றைப் பத்திரமாக வாங்கிலில் வைத்துவிட்டு, மரத்தை இறக்கத் திரும்பினேன்.

கதவு மூடியிருந்தது. உள்ளே ஒரு சுவிஸ் கிழவி மரத்துக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ரயில் லுசேர்னுக்குப் புறப்பட்டது. நான் கை காட்டினேன்.

அதன் நாய் டிக்கெட் எம்மன்புரூக்கே வரைக்கும்தான் செல்லும். அதுவும் என் பைக்குள் இருந்தது.